நாகூரும் ஒரு மாதத்தின் பெயர்



சென்ற ஆண்டு நம் மன்றத்தின் நிகழ்ச்சி நிரலை வகுத்தவன் நான். பட்டிமன்றத்தை மாலை 6 மணிக்கு வைத்தேன். சொற்போர் சூடேறிய வேளையில், முன்வரிசையில் இருந்த தோழர் இருவர் ஓசையின்றி எழுந்து வெளியே சென்றனர். தமிழார்வம் அவ்வளவுதான் போலும் என்று எண்ணினேன். பின்னர் வெளியே வந்து பார்த்தால், படிக்கட்டில் அமர்ந்து ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தைப் பகிர்ந்து நோன்பு திறந்திருக்கின்றனர்! அது ரமளான் மாதம் என்பதை நிரல் வகுத்த நானும் நினைக்கவில்லை; ஒப்பமிட்ட எவரும் நினைக்கவில்லை.

அன்றிரவு, நான் குடியிருக்கும் மர்பி டவுன் வீட்டில் இதைச் சொல்லி வருந்தினேன். வீட்டுக்காரப் பாட்டியார் நாகூர்ப் பக்கத்தில் பிறந்து, பெங்களூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். "என்னைக் கேட்டிருந்தா நோன்பு மாசம்னு சொல்லியிருப்பேனே, தம்பி" என்றார். பிறகு விரல்விட்டு மாதங்களை எண்ணலானார். ரபீயுல் அவ்வல் அவருக்கு மவுலூது மாதம். அடுத்தது முகைதீன் ஆண்டவர் மாதம். ஜமாதுல் ஆகிர் என்பது நாகூர்க் கந்தூரி மாதம். ரஜப், மிஃராஜ் மாதம். ரமளான், நோன்பு மாதம். துல்ஹஜ், ஹஜ்ஜு மாதம். அருகிலிருந்த அவர் பேரனுக்கோ இவற்றில் பாதி புதிது!

இப்பெயர்களை எண்ணிப் பாருங்கள். அரபு மாதப் பெயர்கள் பல, பாலைநிலத்துப் பருவத்தைச் சொல்வன. ரபீ என்றால் வசந்தம். ரமளானின் வேர்ச்சொல் சுடும் வெப்பத்தைக் குறிப்பது. ஆனால் பிறைக் கணக்கு பருவத்தோடு நிற்பதில்லை. ஒரு திங்கள் சராசரி 29.53 நாள், பன்னிரண்டுக்கு 354 நாளும் சில மணி நேரமும். ஞாயிற்று ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. இடையில் மாதம் சேர்த்து ஈடு செய்வதைத் திருக்குர்ஆன் விலக்கிற்று. ஆகவே ஏறக்குறைய 33 ஆண்டுகளில் ஒவ்வொரு மாதமும் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். கணக்கின்படி 2030-ஆம் ஆண்டில் நோன்பு ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர்க் கடைசியில் மறுமுறையும் தொடங்கும்!

பருவப் பெயர் பருவத்தை விட்டு விலகியது. தமிழ் முஸ்லிம்களோ, அம்மாதத்தில் தாம் செய்வதையே அதற்குப் பெயராக்கினர். பாக்தாதில் 1166-இல் மறைந்த முகைதீன் அப்துல் காதிர் ஜீலானி ஒரு மாதத்தின் பெயரானார். பதினாறாம் நூற்றாண்டின் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் கந்தூரி இன்னொரு மாதத்தின் பெயராயிற்று. அரபு நாட்காட்டியில் ஒரு சோழநாட்டுக் கடற்கரை ஊர் இடம்பெற்றிருக்கிறது! இது தமிழின் செல்வமன்றோ?

கந்தூரி கூடாது என்போர் அச்சமுதாயத்திலேயே உண்டு; அது அவர்கள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. நான் வேண்டுவது வழிபாட்டை அன்று, சொல்லை. வழங்கிய சொல்லைப் பதிந்து வைப்பது எந்தக் கொள்கைக்கும் பகையாகாது.

அறிவியல் மாணவனுக்கே உரிய செருக்கோடு ஒருநாள் பாட்டியாரிடம், "கணக்குப் போட்டால் தெரிந்துவிடுமே, மாடியேறிப் பிறை பார்ப்பானேன்?" என்று கேட்டவன் நான். "அப்போ இன்னிக்கு என் கண்ணுக்குத் தெரியுமா, சொல்லு" என்றார். விடை சொல்ல இயலவில்லை. ஞாயிறும் திங்களும் ஒன்றுகூடும் நொடியைக் கணக்குச் சொல்லும். அதன்பின் இரண்டும் ஏறத்தாழ 7 பாகையாவது விலகினாலன்றிப் பிறை தோன்றாது. விலகினாலும் அடிவானத் தூசியும் மேகமும் குறுக்கிடும். கணக்கும் கண்ணும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருவன. மாதத்துக்கே 'திங்கள்' என்று பெயரிட்ட மொழி நம்முடையது. சித்திரை முதல் பங்குனி வரை ஞாயிற்று வழியில் எண்ணும் நாம் அப்பழைய பெயரை மட்டும் வைத்திருக்கிறோம். பாட்டியாரோ இன்றும் திங்களைப் பார்த்தே திங்களை எண்ணுகிறார்.

ஊரை விட்டு வந்த நமக்கு மொழியே ஊர். அந்த ஊரில் ஒரு தெருவை நாமே மறந்தால், பிறர் நம்மை மறந்தார் என்று முறையிட நமக்கு வாயில்லை. எனவே என் வேண்டுகோள் இரண்டு. வரும் ஆண்டு மன்ற நாட்குறிப்பில் தமிழ் மாதத்துக்கு அருகே பிறை மாதத்தையும், அதன் தமிழ் வழக்குப் பெயரோடு அச்சிடுவோம். விடுமுறைக்குச் செல்லும் முஸ்லிம் தோழர்கள், தத்தம் ஊர்ப் பெரியவர்களிடம் பன்னிரண்டு பெயரையும் கேட்டு எழுதி வரவேண்டும். ஊருக்கு ஊர் மாறினால் எல்லாவற்றையும் அச்சிடுவோம்.

அடுத்த நோன்பு மாதத்தில் பட்டிமன்றம் நடந்தால், நோன்பு திறக்கும் நேரத்தில் இடைவேளை விடுவோம். பேரீச்சம்பழம் என் செலவு!