சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரியை மாற்றச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி

அவிநாசியிலும் சுற்றுவட்டாரத்திலும் கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கும், டாக்சி ஓட்டும் என் பழைய மாணவர்களுக்கும் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்: டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்டு எரிகிற சிவப்பு விளக்கு, பேட்டரி கெட்டுப்போனதைச் சொல்லும் விளக்கு அல்ல.

அது சார்ஜ் விளக்கு. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவது ஆல்டர்னேட்டர். நம் பட்டறைகளில் அதை டைனமோ என்பார்கள். பழைய அம்பாசிடரில் உண்மையிலேயே டைனமோதான் இருந்தது, அது போய்ப் பல காலம் ஆகியும் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பழைய வண்டிகளில் இந்த விளக்கின் ஒரு முனை சாவி வழியாக பேட்டரியோடும், மறு முனை ஆல்டர்னேட்டரோடும் சேர்ந்திருக்கும். சாவியைத் திருப்பினதும் பேட்டரி பக்கம் மட்டும் அழுத்தம் இருப்பதால் மின்னோட்டம் பாய்ந்து விளக்கு எரியும். இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் வேலை செய்ய ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். மின்னோட்டம் இல்லை, விளக்கு அணைகிறது. புது வண்டிகளில் இந்த வேலையை கம்ப்யூட்டர் பார்க்கிறது. சேதி அதேதான்.

ஆக, ஓடுகிற வண்டியில் அந்த விளக்கு எரிந்தால் அது முதலில் கைகாட்டுவது ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், ரெகுலேட்டர், ஒயர் இவற்றை நோக்கி. பேட்டரி வயசாகிப் போனால் காலையில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றும், அல்லது டக்டக்கென்று அடித்து நிற்கும். பெரும்பாலும் அப்போது இந்த விளக்கு ஓட்டத்தில் எரியவே எரியாது. இரண்டும் வேறு வேறு நோய். ஆனால் நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: "பேட்டரி போயிருச்சுங்க, மாத்தீர்லாங்க."

இந்த வைத்தியத்தில் ஒரு சூது இருக்கிறது. தெரிந்து செய்கிறார்களோ தெரியாமல் செய்கிறார்களோ, பலன் ஒன்றுதான். ஆல்டர்னேட்டர் செத்துப்போன வண்டியில்கூட புது பேட்டரி போட்டதும் வண்டி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகும். கடைக்காரர் சொன்னது சரி என்று தோன்றும். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அதன் பிறகு வண்டி அந்த பேட்டரியை மட்டும் தின்றுகொண்டு ஓடும். சின்ன பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். இரவு நேரம், ஹெட்லைட், ஏசி விசிறி, பெட்ரோல் பம்ப், வைப்பர் எல்லாம் சேர்ந்து 30 ஆம்பியர் இழுத்தால் கணக்கு நீங்களே போடுங்கள். கணக்கில் ஒரு மணி நேரம் வரும், நிஜத்தில் அதற்கு முன்பே நின்றுவிடும்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் வாடகைக் கார் ஓட்டுகிறான். விளக்கு எரிந்தது, கடைக்குப் போனான், புது பேட்டரி போட்டார்கள். அந்த வாரமே ஒரு இரவு, டயாலிசிஸ் முடிந்த பெரியவரை கோவையிலிருந்து ஏற்றிக்கொண்டு வருகிறான். கருமத்தம்பட்டி தாண்டியதும் விளக்குகள் மங்கி, தெக்கலூருக்கு முன்னால் ஹைவேயில் வண்டி நின்றுவிட்டது. ஹசார்டு விளக்கு போடக்கூட மின்சாரம் இல்லை. பின்னால் லாரிகள் பறந்துகொண்டிருக்கின்றன. நாள் முழுக்க ஊசியில் கிடந்த மனுஷன் சாலையோரம் கல்லில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வேறொரு எலக்ட்ரீசியன் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தார். கார்பன் தேய்ந்து போயிருந்தது. அதை மாற்ற ஆன செலவு சில நூறு ரூபாய். பேட்டரிக்குக் கொடுத்தது ஆறாயிரத்துக்குப் பக்கம்.

என் கேள்வி இதுதான். அந்த ஆறாயிரத்தை வாங்கும் முன் மீட்டரை வைத்துப் பார்க்க எத்தனை நிமிஷம் ஆகும்?

இரண்டு நிமிஷம். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. அடுத்து செல்ஃப் அடிக்கும்போது பார்க்க வேண்டும், 9.6-க்குக் கீழே விழக்கூடாது. சார்ஜ் நிறைந்த பேட்டரி அப்படி விழுந்தால் அப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட்டும் ஏசி விசிறியும் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தாலும் 13.5-க்கு மேலேயே நிற்க வேண்டும். ஓடும்போதும் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அந்த வண்டியில் புது பேட்டரி போட்டால் அதையும் கொதிக்க வைத்துக் கொல்லும்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, நல்ல எலக்ட்ரீசியன்கள் செய்வார்கள். இன்ஜின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் இருக்கும் போல்ட்டிலும், மறு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைப்பார்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரிலோ முனையிலோ தடை. எர்த் பக்கமும் அப்படித்தான். எத்தனை பேட்டரிகள் முனையில் பூத்த அந்த வெள்ளைப் பச்சைப் பொடிக்காகக் குப்பைக்குப் போயிருக்கும்!

புது வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போது சில கார்களில் சார்ஜைக் கூட்டுவதும் குறைப்பதும் கம்ப்யூட்டர்தான். பேட்டரி நிறைந்திருந்தால் ஓட்டத்திலேயே 12.8 என்றுகூட காட்டும். அதைப் பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டர் போச்சு என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டு கொஞ்ச நேரம் கவனிக்க வேண்டும், ஸ்கேனர் மாட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கொடுமை, ஓடுகிற வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றி "இன்ஜின் நிக்கலீங்க, டைனமோ நல்லா இருக்குது" என்று சொல்வது. டைனமோ காலத்துச் சோதனை அது. பேட்டரி இல்லாத நொடியில் மின்னழுத்தம் பல பத்து வோல்ட் துள்ளும். இன்ஜின் கம்ப்யூட்டர் போனால் அந்தச் செலவை யார் கொடுப்பார்கள்? உங்கள் கண் முன்னே யாராவது ஸ்பேனரோடு அந்த ஒயர் பக்கம் போனால் தயவுசெய்து கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

இதையெல்லாம் சொன்னால் கடைக்காரர்களிடமிருந்து ஒரு பதில் வரும். அது நியாயமான பதில், மறைக்க மாட்டேன். "சார், செக் பண்ணினதுக்கு இருநூறு கேட்டா எவனும் தர மாட்டேங்கறான். ஒண்ணுமே மாத்தல, எதுக்குக் காசுங்கறான். பேட்டரி வித்தாத்தான் எனக்கு நாலு காசு." உண்மைதான். கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் ஆறாயிரம் எண்ணி வைக்கிற நாம், "உங்க பேட்டரி நல்லா இருக்குது, பெல்ட்தான் தளர்வு" என்று சொன்ன அறிவுக்கு இருநூறு கொடுக்க மூக்கால் அழுகிறோம். டாக்டரிடம் மாத்திரை எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுக்கிறோம் அல்லவா? கண்டுபிடிக்கத் தெரிந்தவனைப் பட்டினி போட்டால் விற்கத் தெரிந்தவன்தான் மிஞ்சுவான்.

ஆனால் அது கடைக்காரர்களை விடுவிக்காது. சோதனைக்குக் காசு என்று பலகை போடட்டும், பேட்டரி வாங்கினால் அதில் கழித்துக்கொள்கிறேன் என்று எழுதட்டும். அளக்காமல் விற்பதற்கு இது சாக்கு ஆகாது. பழைய பேட்டரிக்கு ஈய விலை இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். நல்ல பேட்டரியைப் பழசு என்று கழற்றினால் கடைக்கு இரண்டு பக்கமும் வரவு. உருக்கும் இடத்தில் அந்த ஈயப் புகையைச் சுவாசிக்கிற கூலிக்காரனுக்கு எந்த வரவும் இல்லை.

இது நடப்பது எந்த ஊரில் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தது கோவை. அதைச் செய்ததில் முன்நின்ற ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். 1945-ல் பாலிடெக்னிக் தொடங்கி, படிப்பு என்றால் கை வேலை செய்ய வேண்டும் என்று அரசோடு மல்லுக்கு நின்றவர். அந்த டேஷ்போர்டு மீட்டர்களையே செய்து அனுப்பும் பிரிக்கால் இருப்பது பெரியநாயக்கன்பாளையத்தில். இப்போது அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு நாயுடு பேரை வைத்தாயிற்று. அந்தப் பாலத்தின் மேல் போகிற வண்டியில் விளக்கு எரிந்தால், கீழே இறங்கி மீட்டர் இல்லாத கடையில் நிற்கிறோம்.

பள்ளிக்கூடத்தையும் விட மாட்டேன். நான் நின்ற வகுப்பறைகளில்தான் பாரடே விதியைக் கமா விடாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஆல்டர்னேட்டருக்குள் சுற்றுவது அந்த 1831-ஆம் வருடத்து விதிதான். அதே பிள்ளை இன்று சாஃப்ட்வேர் வேலையில் இருந்துகொண்டு, காரின் பானெட்டைத் திறக்கக் கூச்சப்படுகிறான். ஒரு மல்டிமீட்டர் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ப்ளஸ் டூ ஆய்வகத்தில் ஒரு பழைய ஆல்டர்னேட்டரை வைத்து, கழற்றி, கார்பனைக் காட்டினால் அரை நாள் பாடம்.

போகிற வழியில் விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் வெப்ப முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றும். சூடு ஏறினாலோ, ஸ்டியரிங் திடீரென்று கனத்தாலோ பெல்ட் அறுந்திருக்கலாம், ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். சூடு ஏறவில்லை என்றால் ஏசியை, பாட்டை, போன் சார்ஜரை நிறுத்துங்கள். இன்ஜினை அணைக்காமல், ஹைவேயை விட்டு, பக்கத்துப் பட்டறைக்குப் போங்கள். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்ற உத்தரவாதம் இல்லை. இன்னொன்று, சாவியைத் திருப்பினதும் அந்த விளக்கு எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். எரியாத விளக்கு எச்சரிக்க முடியாது.

கடைக்குப் போனால் நான் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று. பில்லில் இரண்டு எண்ணை எழுதச் சொல்லுங்கள்: நின்றபோது எத்தனை வோல்ட், ஓடும்போது எத்தனை வோல்ட். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். முதலை வாயில் போன பிள்ளையை சுந்தரர் மீட்ட ஊர் இது என்பது சரிதான், ஆனால் கல்லாவில் போன ஆறாயிரத்தை மீட்க அவர் வரமாட்டார்.

கீழே கடைப் பேரைப் போட்டு யாரையும் திட்ட வேண்டாம். உங்கள் வண்டி எது, பேட்டரி எந்த வருடம் வாங்கியது, அந்த இரண்டு எண் எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். மீட்டர் இல்லாத மாணவர்கள் வீட்டுக்கு வந்து என்னுடையதை எடுத்துப் போகலாம், சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் போதும்.