குதங்களின் அடியில் மண்ணெண்ணெய்க்கு வரிசை

பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் 99 திருகோணமலைச் சீனக்குடாவில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். பெரும்பாலானவற்றைச் சுற்றிப் பல பத்தாண்டுகளாகக் காடு மண்டிக் கிடக்கிறது.

2022இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. குதங்களைத் தினமும் பார்த்துக்கொண்டே தொழிலுக்குப் போகும் கடற்றொழிலாளரும் கானைத் தூக்கிக்கொண்டு அதே வரிசையில்தான் நின்றார்கள். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. சிறு படகுகளின் இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில். 1,740 ரூபாய்க்கு நிரம்பிய 20 லீற்றர் கானுக்கு 6,800 ரூபாய் வேண்டியிருந்தது. வலையில் மீன் படுமா என்பது தெரியாமலே கொடுக்க வேண்டிய காசு இது.

குதம் பக்கத்தில் இருப்பதால் எண்ணெய் மலிவாகிவிடாது என்பார்கள். சரிதான். மண்ணெண்ணெயை அடக்கவிலைக்குக் குறைத்து விற்றதால் வந்த நட்டமும் உண்மை. ஆனால் அந்தக் குதங்களால் வரும் வருமானத்தில் ஊருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம் அல்லவா?

2003இல் இந்தியாவின் லங்கா ஐஓசி நிறுவனத்துக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் டொலர் வாடகையில் 35 ஆண்டுக் குத்தகை பேசப்பட்டது. 2022 ஜனவரியில் புதிய பங்கீடு வந்தது: ஐஓசிக்கு 14 குதங்கள், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. அந்தக் கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், ஐஓசிக்கு 49 சதவீதம். கொழும்புக்கும் டெல்லிக்கும் சதவீதம் வரை பிரித்த கணக்கில் திருகோணமலை மாவட்டத்துக்கென்று ஒரு பங்கு இல்லை.

துறைமுகத்தைச் சுற்றி வந்தால் இதே கதைதான். பெருங்கப்பல்கள் கொண்டுவரும் கோதுமை பிரிமா ஆலையில் மாவாகி நாடெங்கும் போகிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுற்றுலா விடுதிகளுக்கு அருகிலேயே கரைவலை இழுப்பவர்களின் வாடிகள் இருக்கின்றன. கிண்ணியா குறிஞ்சாக்கேணியிலோ, பாலம் கட்டி முடியாததால் பிள்ளைகள் இழுவைப் படகில் பள்ளிக்குப் போனார்கள். 2021 நவம்பர் 23 அன்று அது கவிழ்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆறு பேராவது இறந்தார்கள். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பெயரெடுத்த துறைமுகம் உள்ள மாவட்டத்தில், ஒரு களப்பைக் கடக்கப் பிள்ளைகளுக்குப் பத்திரமான வழி இருக்கவில்லை.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் சம்பூர். 2006இல் போரால் இடம்பெயர்ந்த மக்கள் முகாம்களில் இருந்தபோதே, அவர்களுடைய 818 ஏக்கர் கனரகத் தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. தொழிற்சாலை வரவில்லை. 2015இல் அந்த ஒதுக்கீடு இரத்தான பிறகுதான் அவர்கள் திரும்பிப் போய்க் குடிசை போட முடிந்தது. அங்கே வரவிருந்த அனல் மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. இப்போது அங்கே 120 மெகாவாட் சூரிய மின்திட்டம். 2025 ஏப்ரல் 5 அன்று தொடக்க விழா நடந்தது. திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் ஒப்பமிட்டதும் அதே நாளில்தான்.

இந்தத் திட்டங்கள் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. முதலீடு வராமல் வேலை வராது. ஆனால் முதலில் நிலம் கொடுப்பவரும், கடல் எல்லை குறுகும்போது வலையைச் சுருட்டுபவரும் இங்கிருப்பவர்களே. எனவே இனி வரும் ஒவ்வொரு ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளியிடப்பட வேண்டும். குத்தகை வருமானத்தில் ஒரு பகுதி மாவட்டத்தின் பாலங்களுக்கும் பள்ளிகளுக்கும் இறங்குதுறைகளுக்கும் என்று அதிலேயே எழுதப்பட வேண்டும். மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் இந்த இரண்டையும் சேர்ந்து கேட்கட்டும்.