டாங்கியின் நிறம் என்ன?

கரிசல் காட்டில் கௌதாரி உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. காலடியில் இருந்து படபடவென்று பறந்த பிறகுதான், "அட, இங்கேயா இருந்தது!" என்போம். எட்டயபுரம் பக்கம் ஆடு மேய்ப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி.

மண்ணின் நிறத்தில் மறைவது பறவைக்கு இயற்கை கொடுத்த வித்தை. யுத்த காலத்தில் அதே வித்தையை மனிதர்கள் டாங்கிக்குச் செய்தார்கள்.

டாங்கி என்பது பீரங்கி பொருத்திய இரும்பு வண்டி. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷார் கொண்டுவந்த ஒரு டாங்கிக்கு 'மட்டில்டா' என்று பெயர். எடை சுமார் 27 டன்! பாலைவனத்தில் ஒதுங்க மரம் இல்லை, சுவரும் இல்லை. இவ்வளவு பெரிய வண்டியை எங்கே ஒளிப்பது? வர்ணம் பூசினார்கள்.

1940-ம் ஆண்டு எகிப்தில் வந்த அந்த முறைக்குக் 'கான்டர் முறை' என்று பெயர். கான்டர் என்பவர் டாங்கிப் படையின் பிரிகேடியர். மூன்று நிறங்கள். கோலம் போல வளையாமல், நேர்கோட்டில் வெட்டிய சாய்வுப் பட்டைகள். வண்டி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தூரத்தில் பார்க்கும் எதிரிக்குக் குழப்பம் வரவேண்டும். அதுதான் நோக்கம்.

எங்கோ ஓடிய டாங்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. 1940 டிசம்பர் 9-ந் தேதி காலை, எகிப்தில் நிபேவா என்ற இத்தாலிய முகாமை மட்டில்டாக்கள் தாக்கின. இத்தாலியரின் குண்டுகள் அந்த இரும்பைத் துளைக்கவில்லை. டாங்கிகளோடு சேர்ந்து போரிட்டது 4-வது இந்திய டிவிஷன். மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தாரும் அந்த டிவிஷனில் பணியாற்றியவர்கள்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் பார்த்த பாலைவனம் அது!

இப்போது ஒரு பையன் தீப்பெட்டி அட்டையில் மட்டில்டா செய்ய உட்காருகிறான் என்று வைத்துக்கொள்வோம். எட்டயபுரத்தில் தீப்பெட்டி அட்டைக்குப் பஞ்சமில்லை. என்ன நிறம் பூசுவான்? படத்தைப் பார்ப்பான். பல படங்களில் ஒரு பட்டை வெளிர் நீலமாக இருக்கும். பல ஆண்டுகளாகப் படங்களிலும் பொம்மைகளிலும், ஏன், மியூசிய டாங்கியிலுமே அப்படித்தான் பூசி வந்தார்கள்.

அது தவறு! ஆராய்ச்சி செய்தவர்கள் பழைய ராணுவ உத்தரவுகளையும் வர்ணப் பட்டியலையும் தேடிப் பிடித்தார்கள். அதில் இருந்த பெயர்கள் வெளிறிய கல் நிறம், வெள்ளிச் சாம்பல், சிலேட்டு நிறம். வெள்ளிச் சாம்பல் என்பது பச்சை சாடையடிக்கும் சாம்பல் நிறம். பட்டியலில் நீலம் இல்லவே இல்லை.

எப்படி நடந்தது இந்தக் குளறுபடி? யுத்த காலப் போட்டோக்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அதில் நீலமும் சாம்பலும் ஒன்று போலவே தெரியும். ஒருவர் பூசியதைப் பார்த்து அடுத்தவர் பூசினார். ஊர் முழுக்க நீலம் ஆகிவிட்டது.

மகாராஷ்டிரத்தில் அகமத்நகரில் (இன்றைய அகில்யாநகர்) 1994-ல் திறந்த டாங்கி மியூசியத்தில் ஒரு மட்டில்டா நிற்கிறது. உருவத்தை அறிய அங்கே போகலாம். ஆனால் எந்த மியூசிய டாங்கி ஆனாலும் மேற்பூச்சை மட்டும் நம்பக்கூடாது. அது பின்னால் வந்தவர் பூசியதாக இருக்கலாம். பிரஷ் எட்டாத இடத்தில், போல்ட்டுக்கு அடியில், பழைய வர்ணம் ஒட்டிக்கொண்டிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அங்கேதான் சுரண்டிப் பார்ப்பார்கள்.

"யுத்தத்தைப் பொம்மையாக்கி விளையாடுவதா?" என்று சில தாய்மார்கள் முகம் சுளிக்கலாம். சரியான நிறம் எது என்று தேடும் பிள்ளை சரித்திரம் படிக்கிறது. படிக்கட்டுமே!

பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தாத்தா பட்டாளத்தில் இருந்த வீடுகள் நம் பக்கம் அநேகம். டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ இருக்கும். ஒரு கடிதம் இருக்கும். கரையான் அவற்றைத் தின்றுகொண்டிருக்கிறது. "அப்பா மணல் காட்டில் இருந்தாராம்" என்று சொல்லக்கூடிய பிள்ளைகளுக்கே இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களைக் கேளுங்கள். போட்டோவின் பின்புறம் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும். இந்த வாரமே செய்யுங்கள்.

பொம்மை செய்யும் தம்பிக்கு ஒரு வார்த்தை. 35-ல் ஒரு பங்கு அளவில் செய்தால் மட்டில்டா சுமார் 16 சென்டிமீட்டர்தான். ஒரு சாண்கூட வராது. சாம்பல் வர்ணத்தில் பச்சை துளி கலந்துகொள். நீல டப்பாவை மூடி வை. காய்ந்ததும் மேலே தூசி தடவி, துணியால் ஒற்றி எடு. கரிசல் மண் ஆகாது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிச் செம்மண்ணும் ஆகாது. வெளிறிய ஆற்று மணலைச் சலித்தால் கிடைக்கும் தூசி போதும்.