முற்பணம் கட்ட முன் பஸ்ஸில் ஏறுங்கள்

சில வாரங்களுக்கு முன் என் தம்பியின் மகன் கடைக்கு வந்தான். காலி வீதியில், தெஹிவளைக்குத் தெற்கே ஒரு கடை வாடகைக்கு இருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வருட முற்பணத்தைக் கட்டாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடுமாம். பலசரக்குக் கடை போடுவது அவன் எண்ணம். "பெரியவாப்பா, நல்ல இடம். வேனில் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். வீதி நிறைய வாகனம்" என்றான்.

"பஸ்ஸில் போய்ப் பார்த்தியா மகன்?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அந்தக் கேள்வியை நான் பெரிய விலை கொடுத்துக் கற்றவன்.

2006இல் நானும் இப்படித்தான் ஒரு கடை எடுத்தேன். கொழும்புக்கு வெளியே ஒரு சந்தி. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வேனில் போய்ப் பார்த்தேன். சனம் நெருக்கியடித்தது. துணிக்கடை போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைத்து, வீட்டாரின் நகையையும் விற்று முற்பணம் கட்டினேன். கடை திறந்த பிறகுதான் தெரிந்தது, நான் பார்த்த சனம் ஞாயிறு சந்தைக்கு வந்த சனம் என்று. மற்ற ஆறு நாட்களும் அந்தச் சந்தியில் காற்றுத்தான் வீசியது. வாடகை கட்ட முடியாமல் வேனை விற்றேன். வேன் போன பிறகு தினமும் பஸ்ஸில் கடைக்குப் போய் வந்தேன். அப்போதுதான் கண் திறந்தது. அந்த ஊர்ச் சனம் என் கடைக்கு இரண்டு தரிப்பிடங்களுக்கு முன்பே இறங்கிவிடுகிறது. வங்கி, பார்மசி, பாடசாலை எல்லாம் அங்கேதான். நான் முதலில் பஸ்ஸில் போயிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். பதினோராவது மாதம் கடையை மூடினேன்.

ஆகவே எனது கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீதியில் கடை எடுக்க நினைப்பவர், அந்த வீதியில் ஓடும் பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு தரிப்பிடமாக இறங்கிப் பார்க்காமல் ஒரு சதமும் கட்டக்கூடாது. வேனில் போகிறவனுக்கு வாகனம்தான் தெரியும். வாடிக்கையாளர் யாரென்று பஸ்ஸில் போகிறவனுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். பாணந்துறை வரை போகும் பஸ் அது. முதலில் இறங்காமல் கடைசி வரை போனோம். இடது பக்க ஜன்னலோரம் அவனை உட்கார வைத்தேன். கடைகள் தெரிவது அந்தப் பக்கம்தான். திரும்பி வரும்போது தரிப்பிடம் தரிப்பிடமாக இறங்கினோம்.

நமது புறக்கோட்டையில் தெருவைச் சொன்னால் சரக்கைச் சொல்லிவிடலாம். பழைய சோனகத் தெரு என்றால் ஹாட்வெயார், செட்டியார் தெரு என்றால் தங்கம். அங்கே பிறந்து வளர்ந்த வியாபாரிக்கு, நகரம் முழுவதும் இப்படித்தான் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. காலி வீதியில் அப்படியல்ல. அங்கே தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் சனம் மாறுகிறது. கொள்ளுப்பிட்டியில் இறங்குவோர் பெரும்பாலும் அலுவலகக்காரர்கள். கையில் சாப்பாட்டுப் பை மட்டும் இருக்கும், கால் வேகமாகப் போகும். பம்பலப்பிட்டியில் பாடசாலைப் பிள்ளைகளும் பெற்றோரும். வெள்ளவத்தையில் சாரி வாங்க வருகிறவர்கள் குடும்பமாக இறங்குகிறார்கள். தெஹிவளையில் வீட்டுக்குச் சாமான் வாங்கும் சனம். மொறட்டுவையில் தளபாடம் பார்க்க வருகிறவர்கள். ஒரே பஸ், ஒரே வீதி, ஆனால் ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு வியாபாரம்.

இறங்குகிறவர்களின் கையைப் பாருங்கள் என்று அவனுக்குச் சொன்னேன். நிறைந்த பையோடு இறங்குகிறவர் ஏற்கனவே புறக்கோட்டையில் வாங்கிவிட்டார். அவர் உங்கள் கடைக்குத் தலை திருப்பமாட்டார். வெறும் கையோடு இறங்கி, நின்று இரு பக்கமும் பார்க்கிறவர்தான் உங்களுடையவர். எத்தனை பேர் இறங்கினார்கள் என்று மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைக்கும்.

அடுத்தது நேரம். காலை 7 மணிக்கு ஒரு வீதி, பகல் 1.30க்கு அரச பாடசாலைகள் விட்டதும் வேறொரு வீதி, மாலை 5 மணிக்கு இன்னொரு வீதி. காலையில் ஓடுகிற மனிதன் தேநீரும் ரொட்டியும்தான் வாங்குவான். அரிசியும் பருப்பும் தூக்கிக்கொண்டு அலுவலகம் போகமாட்டான். அவன் வீட்டுச் சாமான் வாங்குவது மாலையில், வீடு திரும்பும்போது. ஆகவே கொழும்புக்குப் போகும் பஸ் நிற்கும் பக்கம் காலை வியாபாரத்துக்குரியது. கொழும்பிலிருந்து வரும் பஸ் நிற்கும் பக்கம் மாலை வியாபாரத்துக்குரியது. நான்கு நிரல் வாகனங்களைத் தாண்டி, இருட்டுகிற நேரத்தில், பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு எந்தத் தாயும் சீனி வாங்க எதிர்ப்பக்கம் வரமாட்டாள்.

கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் இது இன்னும் கூர்மையானது. அங்கே காலி வீதி ஒருவழிப் பாதை. கோட்டைக்குப் போகும் பஸ் அதனால் போகிறது, திரும்பும் பஸ் டுப்ளிகேஷன் வீதியால் வருகிறது. காலையில் உங்கள் கடை வாசலால் போனவர், மாலையில் வேறு வீதியால் வீட்டுக்குப் போய்விடுகிறார். வாடகைப் பத்திரத்தில் இதை யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

இன்னொன்றையும் காதால் கேட்டோம். கொண்டக்டர் கூவும் பெயர்களைக் கவனியுங்கள். வெள்ளவத்தையில் "சவோய்" என்கிறார், அது ஒரு சினிமா தியேட்டர். இரத்மலானையில் "மெலிபன்" என்கிறார், அது ஒரு பிஸ்கட் கம்பனி. ஒரு வியாபாரத்தின் பெயர் தரிப்பிடத்தின் பெயராகிவிட்டால், அதற்கு மேல் விளம்பரம் எது? அப்படி ஒரு பெயர் ஓரிரு வருடத்தில் வருவதல்ல. ஒரே இடத்தில், ஒரே பெயரில், நம்பிக்கையாக நீண்ட காலம் நின்றவர்களுக்குக் கிடைப்பது அது. இரண்டு வருடத்துக்கொரு தரம் பெயர்ப்பலகை மாற்றும் நமது சகோதரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சிலர் என்னிடம் வாதம் செய்கிறார்கள். "பஸ்ஸில் போகிறவனிடம் காசு ஏது? காரில் வருகிறவன்தான் வாங்குவான்" என்கிறார்கள். காரில் வருகிறவர் நிறுத்த இடமிருந்தால்தான் இறங்குவார். காலி வீதியில் எத்தனை கடைக்கு முன்னால் நிறுத்த இடமிருக்கிறது? அத்துடன் 2022ஐ மறந்துவிட வேண்டாம். எரிபொருள் இல்லாமல், கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்ற அந்த நாட்களில், கார்க்காரரும் பஸ்ஸிலும் ரயிலிலும் தொங்கிக்கொண்டுதான் போனார். தரிப்பிடத்துக்கு அருகில் இருந்த கடைக்கு அன்றும் வாடிக்கையாளர் வாசலிலேயே இறங்கினார்.

வேறு சிலர், "இன்று தரிப்பிடம் இங்கே, நாளை அங்கே. இதை நம்பிக் கடை போடலாமா?" என்கிறார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கொழும்பில் 1899இல் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் ஓடிய அந்த வண்டிகள் 1960இல் நின்றுவிட்டன. மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் வரும் என்று பெரிதாகப் பேசப்பட்டது. 2020இல் அந்தத் திட்டமே இரத்துச் செய்யப்பட்டது. ஆகவே வரப்போகும் தரிப்பிடத்தை நம்பிக் கடை எடுக்காதீர்கள். இன்று சனம் இறங்கும் இடத்தைப் பார்த்து எடுங்கள். எடுத்த பிறகும் வருடத்துக்கு ஒரு தரமாவது உங்கள் வீதியில் பஸ்ஸில் போய் வாருங்கள். தரிப்பிடம் நகர்ந்தால் முதலில் உங்களுக்குத் தெரியவேண்டும், உங்கள் பெட்டி காலியான பிறகு தெரியக்கூடாது.

இது புதிய யோசனையும் அல்ல. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு, ஸஃது இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் தமது சொத்தில் பாதியையே தர முன்வந்தார்கள். அவரோ அவருக்கு துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே என்று காட்டும்படிதான் கேட்டார்கள். புது ஊரில் முதல் வேலையாகத் தாமே சந்தைக்குப் போனார்கள். தாமே வாங்கினார்கள், தாமே விற்றார்கள். பெரும் செல்வந்தரானது பிறகு. நாமோ புரோக்கர் சொல்லைக் கேட்டு, வேன் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்து, முற்பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு நஸீப் என்கிறோம். முயற்சி செய்து பார்த்த பிறகு வருவதுதான் நஸீப். பார்க்காமல் விழுந்தால் அது நமது கவனக்குறைவு.

தம்பி மகன் பார்த்த கடைக்கு முன்னால் நாங்கள் மூன்று நேரம் நின்றோம். கடை, கொழும்புக்குப் போகும் பக்கம். காலையில் நல்ல சனம், ஆனால் எல்லோருக்கும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். மாலையில் எதிர்ப்பக்கத் தரிப்பிடத்தில் பஸ்ஸுக்கு இருபது, முப்பது பேர் இறங்கினார்கள். அரை மணித்தியாலத்தில் இந்தப் பக்கம் கடந்து வந்தவர்கள் நான்கு பேர். அவன் கொப்பியில் எழுதியதைப் பார்த்துவிட்டு நீண்ட நேரம் பேசவில்லை. வியாழக்கிழமை இரவு கடைச் சொந்தக்காரருக்குப் போன் எடுத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இப்போது அந்தக் கடையை வேறொருவர் எடுத்திருக்கிறார். காலையில் ரொட்டியும் இடியப்பமும் தேநீரும் விற்கிறார், அல்ஹம்துலில்லாஹ், நல்ல ஓட்டம். இடத்தில் குறையில்லை, அது பலசரக்குக்கு ஏற்ற இடமில்லை, அவ்வளவுதான். தம்பி மகன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். நேற்றும் 138இல் ஏறி நுகேகொடைப் பக்கம் போனதாகச் சொன்னான். கொண்டக்டர் மிச்சக் காசு தரவில்லையாம். அந்தச் செலவைக் கணக்கில் எழுதிக்கொள் மகன் என்றேன். நான் 2006இல் இழந்ததோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.