பென்னாகரத்தைத் தேட சேலத்தைப் புரட்டு!

ஒகேனக்கல் அருவிக்குப் பள்ளிச் சுற்றுலா வரும் பேருந்துகள் பென்னாகரத்தைத் தாண்டித்தான் வருகின்றன. அங்கே ஒரு கோட்டை இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், கிழக்கிந்தியக் கும்பெனிப் படை அதைத் தாக்கிப் பிடித்தது. பேருந்தில் இருக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? விடுதலைப் போர் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் கைபேசியில் கிடைத்ததை அப்படியே எழுதித் தருகிறார்கள். பழி அவர்கள் மேல் இல்லை. எதை எங்கே தேடுவது என்று நாம் சொல்லித் தரவில்லை.

பென்னாகரம் இருக்கும் தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து பிறந்தது 1965-இல்தான். அதற்கு முந்தைய செய்திக்குச் சேலத்தைப் புரட்ட வேண்டும்: லெபானுவின் 1883 மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியர். இன்னும் பின்னால் போனால் பாராமகால். 1792 உடன்படிக்கையில் மைசூர் மன்னர் திப்பு இழந்த அந்தச் சீமையில் கும்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் நிலம் அளந்து வரி போட்ட விவரம் 'பாராமகால் ஆவணங்கள்' தொகுதிகளில் இருக்கிறது.

இவை யாவும் வென்றவர்கள் எழுதியவை. பென்னாகரத்தைப் பிடித்த மேக்ஸ்வெல்லுக்குப் பெயர் உண்டு. கோட்டைக்குள் மடிந்தவர்களுக்கு இல்லை. அதற்காக இவற்றை ஒதுக்கவும் முடியாது. 1801 ஜூன் 16 அன்று சிவகங்கையின் சின்ன மருது கும்பெனியை எதிர்த்து வெளியிட்ட திருச்சி அறிக்கையை நாம் இன்று படிப்பதே கும்பெனிக் கோப்புகளின் தயவில்தான். அத்தகைய கோப்புகளைத் துருவித்தான் வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன், 1800-01 தென்னாட்டுக் கிளர்ச்சியை முதல் விடுதலைப் போர் என்று 1971-இல் வாதிட்டார். இதே மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925-இல் மறைந்த சுப்பிரமணிய சிவா நமக்குத் தியாகி. ஆங்கில அரசின் 1918 ரௌலட் குழு அறிக்கையிலோ ராஜத்துரோகி. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவனுக்குத்தான் வரலாறு பிடிபடும். திப்பு நடத்தியது விடுதலைப் போரா, அரசுகளுக்கிடையிலான போரா என்ற கேள்விக்கும் அவன் சொந்தமாக விடை தேடுவான்.

மாவட்டந்தோறும் தமிழில் ஒரு வழிகாட்டி நூல் வேண்டும். காலவரிசை, வரைபடம், எந்தக் காலத்தில் ஊர் எந்த நிர்வாகத்தில் இருந்தது, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்த வரிசையைக் கேட்பது, ஒவ்வொரு நூலையும் எழுதியவர் எந்தப் பக்கம் நின்றார் ஆகியவை அதில் இருந்தால் போதும். தர்மபுரி அரசு கலைக் கல்லூரியின் வரலாற்று ஆசிரியர்களும் காப்பகமும் கைகோத்தால் நடக்கிற காரியம்தான். மணிமண்டபங்களுக்கு ஒதுக்கும் தொகையில் சிறு பங்கு இதற்குப் போதும். பள்ளி நூலகத்துக்கு ஒரு படி, கிளை நூலகத்துக்கு ஒரு படி என்று கொடுத்துவிட்டு, அதன் பிறகு பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள் என்று குறை சொல்லலாம்.