காசு கேட்குமுன் கணக்கு வை

தென்னேரி சேரியிலிருந்து கேட்கிறேன். சட்டமன்றத்தில் வருஷா வருஷம் காவல்துறை மானியக் கோரிக்கை வருகிறது, கோடிகள் பாஸாகின்றன. ஆளுங்கட்சிக்காரர் தொகுதிக்குப் புது ஸ்டேஷன் கேட்பார். எதிர்க்கட்சி நூறு ரூபாய் வெட்டுத் தீர்மானம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடும்.

1999இல் தாமிரபரணியில் போலீஸ் அடித்து விரட்டி 17 பேர் செத்தார்கள். 2011இல் பரமக்குடியில் சுட்டே கொன்றார்கள். எந்த மானியம் நின்றது?

போலீஸ் மேல் புகார் விசாரிக்கத் தனி ஆணையம் வை என்றது உச்சநீதிமன்றம், 2006இல். நம்ம சட்டமன்றம் 2013இல் போட்ட சட்டத்தில் மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர்! போலீஸ் அடிச்சான்னு போலீஸ்கிட்டயே போய் அழணும். இதுக்குப் பேரு சீர்திருத்தச் சட்டமாம்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் ஸ்டேஷன் வாரியாகக் காவல் சாவுகளை, செத்தவர் சாதியோடு, சபையில் வை. வன்கொடுமைச் சட்டத்தில் எத்தனை வழக்குப் பதிந்து எத்தனையை மூடினாய், அதையும் வை. அப்புறம் கேள் காசு.