சென்னை சொன்ன பிறகா?

வாலிபர் இசைக்குழு ஒன்று கலைந்தால், “பையன்களுக்குள் ஒற்றுமையில்லை” என்று தீர்ப்புக் கூறிவிட்டு ஒதுங்கிக் கொள்வது, சிலிபின் முதல் தோட்டப்புறம் ஈறாக நம்மவர் வழக்கமாயிருக்கின்றது. அத்தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

யோகி பி, டாக்டர் பர்ன், எம்ஸீ ஜெஸ் என்னும் மூவர் 2006-ல் ‘வல்லவன்’ இசைத்தட்டை வெளியிட்டனர். இவர்களுள் யோகி பி, 1998-லேயே ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் பெயரெடுத்தவர். ‘நிழல்கள்’ (1980) படத்திற்கு இளையராஜா அமைத்த ‘மடை திறந்து’ மெட்டின்மீது இம்மூவரும் தங்கள் சொல்லைக் கோத்துப் பாடியது தமிழ்நாடு வரை சென்றது. 2007-ல் ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் கேட்டது. “இது பாட்டா, தெருச்சண்டையா?” என்று முகஞ்சுளித்த பெரியோர்களும், அதன் பின்னரே “நம் பிள்ளைகள்” என்று மார்தட்டினர். வீட்டுப் பிள்ளையின் குரல் நன்றென்று அறியவும் நமக்குச் சென்னையின் சான்றிதழ் வேண்டியிருக்கின்றது!

மூவரும் பின்னர்த் தத்தம் வழியே சென்றனர். அவர்கள் மனத்துள் இருந்ததை ஆராய்வது நம் வேலையன்று. நம் கையிலிருந்ததைப் பற்றியே கேட்கின்றோம். சென்னை நடிகருக்கு முன்பணமும் விமானச் சீட்டும் அனுப்பும் விழாக்காரர்கள், உள்ளூர்ப் பாடகனுக்குப் பொன்னாடையும் ஒருவேளைச் சோறும் போதுமென எந்த நியாயத்தால் எண்ணுகின்றனர்? பொன்னாடையை அடகு வைத்தால் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை தீருமா? இசைத்தட்டை விலைகொடுத்து வாங்காமல் நகலெடுத்துக் கேட்டுவிட்டுக் கைதட்டியவரும் நம்மவரே யன்றோ?

வரும் தீபாவளிக் கலைவிழாவிற்கு ஈப்போவில் கணக்கெழுத உட்காருவோர், உள்ளூர்க் குழுவின் கூலியை முதல் வரியில் எழுதட்டும். மாலைச் செலவைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.